இயந்திரத்துக்கு முன்னால் நடப்பவை

சிறு நகரங்களின் ரத்தப் பரிசோதனை நிலையங்களில்கூட 'ஃபுல்லி ஆட்டோமேட்டிக்' என்ற வரி இப்போது பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. வரவேற்க வேண்டிய வளர்ச்சிதான். 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் லியனார்டு ஸ்கெக்ஸ் உருவாக்கி, 1957இல் டெக்னிகான் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த தானியங்கிப் பகுப்பாய்வியின் வழிவந்தவை இவை. சில மைக்ரோலிட்டர் சீரத்தை உறிஞ்சி, ரீஏஜென்டோடு கலந்து, 37 டிகிரியில் வைத்து, கரைசல் எவ்வளவு ஒளியை உட்கொள்கிறது என்று பார்த்து சர்க்கரையையும் கிரியேட்டினினையும் கணக்கிடுகின்றன. மணிக்கு நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் சலிக்காமல் முடிக்கின்றன.

ஆனால், தனக்குக் கொடுக்கப்பட்ட குழாயில் இருப்பதை மட்டுமே இயந்திரம் அளக்கும். அந்தக் குழாய்க்கு முன்பு என்ன நேர்ந்தது என்பது அதற்குப் பெரும்பாலும் தெரியாது. இத்தாலியின் படுவாவில் மரியோ பிளெபானியும் பாவ்லோ கராரோவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கண்டறியப்பட்ட ஆய்வகப் பிழைகளில் 68 சதவீதம் சாம்பிள் இயந்திரத்தை எட்டும் முன்பே நேர்ந்தவை. பகுப்பாய்வின்போது நேர்ந்தவை 13 சதவீதம் மட்டுமே.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ இருக்கிறது. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் போதும்: பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். இதயம் எந்நேரமும் நின்றுவிடலாம் என்று மருத்துவர் பதற வேண்டிய எண் அது. நோயாளியோ நன்றாக உட்கார்ந்திருப்பார். இயந்திரத்தின் மீது குற்றமில்லை, உள்ளதைத்தான் சொன்னது.

சர்க்கரையின் கதை இன்னும் சங்கடமானது. எடுத்த ரத்தத்தில் உள்ள செல்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் குறையும். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டால் நீரிழிவு என்று கணக்கு. கிராமத்துச் சேகரிப்பு மையத்தில் 130 இருந்தவரின் ரத்தம், பையில் கிடந்து, பைக்கில் ஏறி, இரண்டு மணி நேரம் கழித்து நகரத்து இயந்திரத்துக்குள் போகும்போது 115 அளவுக்கு இறங்கியிருக்கலாம். ஃபுளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாய் இதைத் தடுக்கும். அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில் முழுமையாகத் தடுப்பதில்லை. சேகரிப்பு மையங்கள் பெருகப் பெருக, இந்தத் தூரமும் நேரமும் கூடுகின்றன.

இயந்திரத்தின் தரப்பிலும் கேள்விகள் உண்டு. அளவு தெரிந்த கன்ட்ரோல் சீரத்தைத் தினமும் ஓட்டிப் பார்த்து, லீவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைத்து, எல்லை தாண்டினால் அன்றைய வேலையை நிறுத்த வேண்டும். எந்தப் புள்ளியை எப்படிப் படிப்பது என்பதற்கு 1981 முதல் வெஸ்ட்கார்டு விதிகள் இருக்கின்றன. கன்ட்ரோலுக்குக் காசு, அதை ஓட்டச் செலவாகும் ரீஏஜென்டுக்கும் காசு. இயந்திரத்தை இலவசமாக வைத்துவிட்டு ரீஏஜென்டில் வசூலிக்கும் ஒப்பந்தங்களில், நோயாளியிடம் பணம் வாங்க முடியாத ஒவ்வொரு ஓட்டமும் நஷ்டமாகத் தோன்றும். அந்த இடத்தில்தான் ஒழுங்கு முதலில் தளர்கிறது. போட்டிக்காக முழு உடல் பரிசோதனையின் விலையைக் குறைத்துக்கொண்டே போவதை நான் அச்சத்தோடுதான் பார்க்கிறேன்.

வெளியார் சரிபார்ப்புக்கும் வழி இருக்கிறது, நம் மாநிலத்திலேயே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை, நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு ஒரே சீரத்தை அனுப்பி, அவரவர் விடைகளை ஒப்பிட்டுச் சொல்லும் திட்டத்தை நீண்ட காலமாக நடத்திவருகிறது. அதில் சேருவதும் என்ஏபிஎல் அங்கீகாரம் பெறுவதும் பொதுவாக ஆய்வகத்தின் விருப்பம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் வந்தது 1997இல். அதன்கீழ் பதிவைப் புதுப்பிக்கும்போது, வெளித்தரச் சரிபார்ப்பில் கடந்த ஆண்டு வாங்கிய மதிப்பீட்டையும் அதிகாரிகள் கேட்டு வாங்க வேண்டும். ரத்தம் எடுத்த நேரமும் பரிசோதித்த நேரமும் தனித்தனியே அறிக்கையில் அச்சாக வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு இயந்திரம் வாங்கும் ஒப்பந்தத்தில், தினசரி கன்ட்ரோலின் செலவையும் ரத்தம் எடுப்பவர்களுக்கான பயிற்சியையும் விலைக்குள்ளேயே சேர்த்துவிடலாம். அப்போது கன்ட்ரோலை நிறுத்தி மிச்சம் பிடிக்கும் அவசியம் எந்த டெக்னீஷியனுக்கும் வராது.