கல்யாணப் பத்திரிகையும் கச்சேரிக் காகிதமும்

நம் ஊரில் ஒரு கல்யாணம் நடந்தது என்பதற்கு அக்கினி சாட்சி, ஊரார் சாட்சி, பந்தலில் பரிமாறிய பாயஸமும் ஒரு வகையில் சாட்சிதான். ஆனால் இவற்றுள் எதை அமெரிக்கக் குடியேற்ற உத்தியோகஸ்தரின் முன் கொண்டுபோய் நிறுத்த முடியும்? அக்கினி அன்றே அணைந்துவிட்டது. பாயஸம் ஜீரணமாகிவிட்டது. ஊரார் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். எஞ்சி நிற்பது காகிதம் ஒன்றே.

அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பது இன்று மத்தியதரக் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. மாப்பிள்ளை மயிலாப்பூர்க்காரராகவே இருக்கட்டும். அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அந்நியர் நம் பெண்தான். அவள் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமையை, அதாவது எல்லோரும் 'கிரீன் கார்டு' என்று சொல்வதைப் பெறவேண்டுமானால், கணவன்தான் முதல் மனுவைப் போடவேண்டும். மனுப் போடுகிறவன் அவன் என்பது சரி. அதற்கான காகிதங்கள் யார் கையில் இருக்கவேண்டும் என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

மனைவியின் உரிமை கணவனின் உரிமையோடு கட்டுண்டு கிடப்பது அந்நாட்டில் புதிதன்று. 1907-ம் வருஷத்துச் சட்டப்படி, அந்நியனை மணந்த அமெரிக்க மாது தன் பிரஜா உரிமையையே இழந்தாள். 1922-ல் அச்சட்டம் தளர்த்தப்பட்டது; ஆயினும், பிரஜையாகத் தகுதியில்லாத இனத்தவனை மணந்தவளுக்குப் பழைய தண்டனை நீடித்தது. 1923-ல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர்களும் அத்தகுதியற்றவர்களே என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. (லாகூரில் தூக்குமேடை ஏறிய வீரர் வேறு, இவர் வேறு.) வங்காளத் தேசபக்தர் தாரகநாத் தாஸை மணந்த மேரி கீட்டிங் தாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, இதன் விளைவாகத் தம் சொந்த நாட்டிலேயே பிரஜா உரிமை இழந்து நின்றார். இந்தியரும் பிரஜையாகலாம், ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்ற சட்டம் 1946-ல்தான் பிறந்தது. இன்று பிரஜையின் மனைவிக்கு அத்தகைய எண்ணிக்கை வரம்பு கிடையாது. கதவு திறந்துதான் இருக்கிறது. காகிதம் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவே.

என்னென்ன காகிதங்கள்? கணவன் போடும் மனுவுக்கு ஐ-130 என்று பெயர். அதனுடன் அவனுடைய பிரஜா உரிமைக்கு அத்தாட்சி, விவாகப் பதிவுச் சான்றிதழ், இருவரில் எவருக்கேனும் முன்பு விவாகம் நடந்திருந்தால் அது முடிவுற்றதற்கான தீர்ப்பு அல்லது மரணச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். நம் மாகாணத்தில் 2009-ம் வருஷத்துச் சட்டம் விவாகப் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகையால் மஞ்சள் ஈரம் காய்வதற்குள் பதிவு அலுவலகத்துக்குப் போய்வருவது உத்தமம்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். பிறப்பே பதிவாகாமல் போயிருந்தால், 'பதிவு இல்லை' என்று பதிவாளரிடமே எழுதி வாங்கவேண்டும். அத்துடன் பள்ளிக்கூடச் சான்றிதழும், பிறப்பை நேரில் அறிந்த பெரியவர்கள் இருவரின் பிரமாண வாக்குமூலமும் சேர்ப்பது வழக்கம். பாட்டியும் பெரியம்மாவும் திடமாக இருக்கும்போதே இதைச் செய்துகொள்வது நல்லது.

நம்மவரை மிகவும் அலைக்கழிப்பது பெயர்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு முன்னெழுத்து. பாஸ்போர்ட்டில் அதுவே தகப்பனாரின் முழுப் பெயர். கல்யாணத்துக்குப் பின் சில காகிதங்களில் கணவன் பெயர். போதாக்குறைக்கு, மீனாக்ஷியை இங்கிலீஷில் எழுதும்போது ஓரிடத்தில் ஓர் 'எச்' கூடும், மற்றோரிடத்தில் குறையும். நமக்கு இது விளையாட்டு. காகிதத்தை மட்டுமே அறிந்த உத்தியோகஸ்தருக்கோ இவர்கள் மூன்று பெண்கள்! எல்லாக் காகிதங்களையும் ஒன்றாக விரித்துவைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ளவற்றை முன்கூட்டியே திருத்திக்கொள்ள வேண்டும். தமிழில் உள்ள சான்றிதழ் எதுவானாலும் முழு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேண்டும். அது பூரணமானது, பிழையற்றது என்றும், தமக்கு இருமொழியிலும் தேர்ச்சி உண்டென்றும் மொழிபெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும்.

இனி, கல்யாணம் மெய்யானது என்று காட்டும் ஆதாரங்கள். புகைப்படமும் பத்திரிகையும் ஒரு நாள் வைபவத்தைத்தான் காட்டும். உத்தியோகஸ்தர் தேடுவது அதன் பிறகு நடந்த குடித்தனத்தை: இருவர் பெயரிலும் உள்ள பாங்கிக் கணக்கு, வீட்டு வாடகைப் பத்திரம், ஒருவருக்கொருவர் எழுதிவைத்த இன்ஷூரன்ஸ், சேர்ந்து சென்ற பிரயாணத்தின் டிக்கெட்டுகள், பிரிந்திருந்த காலத்துக் கடிதங்கள். இல்லாததை உண்டாக்கித் தருகிறேன் என்று வரும் தரகரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். பொய்க் கல்யாணம் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பிற்காலத்தில் அவளுக்காக யார் மனுப் போட்டாலும் அது ஏற்கப்படாது.

கணவன் எழுதிக் கொடுக்கவேண்டிய மற்றொரு பத்திரம் ஐ-864. மனைவியைக் குடும்பத்தில் ஒருத்தியாகச் சேர்த்துக் கணக்கிட்டு, அரசாங்கம் வகுத்த வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவிகிதமாவது தனக்கு உண்டு என்று, வருமான வரிக் கணக்குடன் அவன் காட்டவேண்டும். போதாவிட்டால் வேறொருவர் உடன் பொறுப்பேற்கலாம். இதில் பெண்ணைப் பெற்றவர்கள் அறியவேண்டிய ரகசியம் ஒன்று உண்டு. இது வெறும் நமூனா அன்று, சட்டப்படி அவனைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். விவாகரத்தானாலும் இப்பொறுப்பு தீராது. அவள் பிரஜையாகும் வரையிலோ, சுமார் பத்து வருஷத்து உழைப்புக் கணக்கு அவள் பெயரில் சேரும் வரையிலோ, பொதுவாக அது நீடிக்கும். இதன் நகல் ஒன்று அவளிடம் இருக்கவேண்டாமா?

நகலின் அவசியம் இதோடு முடியவில்லை. நிரந்தர வாசியாக அவள் ஏற்கப்படும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையாதிருந்தால், கிடைப்பது இரண்டு வருஷத்துக்கு மட்டும் செல்லும் நிபந்தனைக் கார்டுதான். 1986-ல் ஏற்பட்ட ஏற்பாடு இது. அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் தம்பதிகள் இருவரும் கையெழுத்திட்டு ஐ-751 என்ற மனுவைக் கொடுத்தால்தான் நிபந்தனை நீங்கும்.

கையெழுத்திட மாட்டேன் என்று கணவன் மிரட்டினால்? அந்த மிரட்டலுக்கு அஞ்சி அடி உதையைச் சகித்துக் கிடக்கும் பெண்கள் உண்டு. சகிக்க வேண்டியதில்லை. விவாகரத்தாகியிருந்தாலும், கொடுமை இழைக்கப்பட்டிருந்தாலும், அவன் கையெழுத்தில்லாமலே அவள் தனியாக மனுச் செய்யலாம். கொடுமைக்கு ஆளானவளுக்கு இவ்வழியை 1990-ம் வருஷத்துச் சட்டம் திறந்தது. கணவன் முதல் மனுவையே போடாமல் அலைக்கழித்தால், தனக்காகத் தானே மனுப் போட 1994-ம் வருஷத்துச் சட்டம் இடம் தந்தது. ஆனால் அப்போதும், மெய்யான எண்ணத்துடனேயே மணந்தாள் என்று அவள் நிரூபிக்க வேண்டும். எதைக் கொண்டு? அதே பாங்கிக் கணக்கு, அதே வாடகைப் பத்திரம், அதே கடிதங்கள்! அவை அவன் மேஜை அறைக்குள் பூட்டிக் கிடந்தால் அவள் என்ன செய்வாள்?

எனவே பெற்றோர்களே, மாப்பிள்ளை தங்கமானவர் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அப்படியிருந்தும் ஒவ்வொரு காகிதத்துக்கும் மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று மனுவோடு போகட்டும். ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். மூன்றாவது பெண்ணின் சொந்தப் பொறுப்பில், அவள் மட்டும் திறக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். மூலப் பத்திரங்களைக் கேட்டாலன்றி அனுப்ப வேண்டாம். நேர்காணலுக்கு எடுத்துச் சென்று காட்டினால் போதும். அவளுடைய பாஸ்போர்ட்டும் கார்டும் எப்போதும் அவளிடமே இருக்கவேண்டும்.

சீதனமாகப் பட்டும் பாத்திரமும் வைத்து அனுப்புகிறோம். அவற்றோடு இந்தக் காகிதக் கட்டையும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற அறிவையும் சேர்த்து அனுப்புங்கள். குடித்தனம் நன்றாக நடந்தால் அந்தக் கட்டு பெட்டியின் அடியிலேயே தூங்கும். தூங்கட்டுமே! நெருப்புக்கு அஞ்சித்தானா வீட்டில் கிணறு வெட்டுகிறோம்? ஆனாலும் கிணறு உள்ள வீட்டில் மனிதர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள்.