மாற்றம் குப்பைக்கூடையில் தொடங்கட்டும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டின் ஒரு வார உலர்குப்பையைக் கூடத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்துக் கொட்டினோம். வீட்டில் இருந்த நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து வகைவகையாகப் பிரித்து எண்ணினோம். அரை லிட்டர் பால் கவர்கள் 14. சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ் பாக்கெட்டுகள் 23. ஓட்டல் சாப்பாடு வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் 9. ஷாம்பு, காபித்தூள், தக்காளி சாஸ் சாஷேக்கள் 17. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் அந்த 23 பாக்கெட்டுகளைத் தனியே எடுத்து அடுக்கினாள். “அப்பா, இதுல முக்கால்வாசி நான் சாப்பிட்டதுதான்” என்றாள். வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள் என்பதால் எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை.

எவ்வளவு பிளாஸ்டிக் வெளியேற்றுகிறோம் என்று பார்க்கத்தான் குப்பையைக் கொட்டினோம். என்ன சாப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிட்டது. ஆரோக்கியம், சுற்றுச்சூழல் என்று மேடையில் இரண்டு தலைப்புகளில் பேசுகிறோம். வீட்டுக்குள் இரண்டும் ஒரே பாக்கெட்டில்தான் வருகின்றன. ஆகவே, உடலுக்கும் மண்ணுக்கும் நல்லதாக ஒரு வீட்டை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கடைக்குப் போக வேண்டாம், குப்பைக்கூடையைப் பாருங்கள் என்பதே நான் சொல்ல வருவது. அங்கிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்று என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

ஒரே வாரத்தில் மாறிய வீடு

இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு போகியை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினோம். பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழித்துவிட்டுக் கண்ணாடி ஜாடிகள் வாங்கினோம். மூங்கில் பிரஷ், செம்புக் குடம், மாடியில் உரத் தொட்டி எல்லாம் வந்தன. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தினோம். மூன்று வேளையும் சிறுதானியம் என்று முடிவெடுத்தோம். பங்குனி பிறப்பதற்குள் உரத் தொட்டியில் துர்நாற்றம் எழுந்தது. பிள்ளைகள் வரகுச் சோற்றை ஒதுக்கிவைத்தார்கள். ஒவ்வொன்றாகப் பழையபடி ஆனது.

எங்கே பிசகியது? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரங்கள் கவனித்துச் செய்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. பங்கேற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு புதிய செயலை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுபோல ஏற்கெனவே உள்ள ஒரு வழக்கத்தோடு இணைத்துச் செய்தார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற, சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. சிலருக்கு 18 நாட்களே போதுமாக இருந்தது; சிலருக்கு 254 நாட்கள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

இந்தக் கணக்கை வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், ஓர் ஆண்டில் வேரூன்றக்கூடிய பழக்கங்கள் ஐந்தாறுதான். நாங்கள் ஒரே வாரத்தில் ஏழெட்டை ஏற்றிவைத்தோம். தவிர, நாங்கள் செய்ததில் பாதி, வாங்கியதுதான். பருப்பும் பயறும் கொட்டிவைக்க இன்னும் பத்தாண்டு உழைத்திருக்கக்கூடிய டப்பாக்களைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதியவற்றை வாங்குவதால் பூமிக்கு என்ன லாபம்? டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலைத் தாக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையை 50 முறைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பையைவிட மேல். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பை பீரோவில் பத்து கிடக்கும்போது பதினொன்றாவதை வாங்குவது பசுமை வாழ்க்கை ஆகாது. இருப்பதைத் தேயும்வரை பயன்படுத்துவதுதான் மிகச் சிக்கனமான பசுமை.

முதல் 66 நாட்கள்: ஈரக் குப்பை

மறுபடியும் தொடங்கியபோது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். காய்கறித் தோல், சக்கை, மீந்த சோறு எதுவும் மற்ற குப்பையோடு சேரக் கூடாது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. நான்கு பேர் வீட்டுக்கு அது 220 கிலோ. இது பிளாஸ்டிக்கோடு கலந்து கிடங்குக்குப் போய், காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, சுற்றுவட்டார மக்கள் நாள்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். அந்தக் கிடங்கை ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், அதே ஆண்டில்தான் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

உரம் தயாரிப்பது பெரிய வித்தையல்ல. காற்றுப் போகத் துளையிட்ட மண்தொட்டி, காய்கறிக் கழிவின் மேல் அதே அளவுக்குக் காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு, வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிடுவது. முதல் முறை எங்களுக்கு நாறியதற்குக் காரணத்தைக் கீழ்த்தளத்து அக்கா ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டார். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. “பாத்தீங்களா தம்பி, தண்ணி சொட்டுதுன்னா காஞ்ச இலை பத்தலைன்னு அர்த்தம். கை ஈரமானா போதும், சொட்டக் கூடாது” என்றார். இரண்டு பக்கெட் சருகைக் கொட்டிக் கிளறினோம். மூன்றாம் நாள் நாற்றம் போயிருந்தது. இரண்டு மாதத்தில் மழை நனைத்த மண்ணின் வாசனையோடு கறுப்பாக உரம் வந்தது.

எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஒருவர் சொன்னது, இந்த ஒரு மாற்றத்தின் மதிப்பை முழுவதுமாக எனக்குப் புரியவைத்தது. “ஈரம் படாத பேப்பர், பாட்டில்னா எடைக்குப் போட்டு நாலு காசு பாக்கலாம் சார். அதுமேல சாம்பாரைக் கொட்டிட்டா எல்லாமே குப்பைதான்.” நாம் சமையலறையில் பிரிக்காததை அவர் வெறுங்கையால் பிரிக்கிறார். ஈரத்தைத் தனியே எடுப்பது சூழல் சேவை என்பதற்கு முன்னால், இன்னொரு மனிதருக்கு நாம் காட்டும் மரியாதை.

பாக்கெட் சொல்லும் சேதி

ஈரம் விலகிய பிறகு உலர்குப்பை கையால் தொட்டு எண்ணக்கூடியதாகிவிட்டது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களால் எண்ண முடிந்தது. பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். சிப்ஸ் பாக்கெட்டை எந்தக் கடையும் எடுக்காது. அது பிளாஸ்டிக் படலமும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்கு உறை. பிரித்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாது. ஒழுங்காகச் சேகரித்தால் சிமென்ட் ஆலையில் எரிபொருளாகும். இல்லாவிட்டால் வாய்க்காலை அடைக்கும்.

உறையின் கதை அது. உள்ளே இருப்பதன் கதை இன்னும் கவலை தருவது. 2024 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4% தவறான உணவுமுறையோடு தொடர்புடையது என்கின்றன. உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த ஆலைத் தயாரிப்பு உணவுகளைக் குறைக்கும்படி அவை வலியுறுத்துகின்றன. மறுசுழற்சிக்குக் கட்டுப்படியாகாத உறைக்குள்தான் நம் உடலுக்கும் ஆகாத பண்டம் பெரும்பாலும் இருக்கிறது.

எங்கள் இரண்டாவது மாற்றம் மாலை நான்கரை மணி. பள்ளி விட்டு வரும் பிள்ளையின் பசிக்கு அறிவுரை உதவாது. அந்த நேரத்தில் கைக்கு எட்டுவதைத்தான் பிள்ளை சாப்பிடும். எனவே, பாக்கெட்டைத் தடை செய்யாமல், அதற்கு முன்னால் வேறொன்றை வைத்தோம். ஒருநாள் சுண்டல், ஒருநாள் வேகவைத்த வேர்க்கடலை, ஒருநாள் வெல்லமும் தேங்காயும் போட்ட அவல், ஒருநாள் காரப்பொரி. வாரத்தில் ஒருநாள் அவள் விரும்பும் பாக்கெட்டும் உண்டு.

யார் நினைவில் வைத்துக்கொள்வது?

சுண்டலுக்கு முந்தைய இரவே கொண்டைக்கடலையை ஊறப்போட வேண்டும். யார் ஊறப்போடுவது? பசுமை வாழ்க்கை பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் விடுபடும் கேள்வி இது. 2024ஆம் ஆண்டுக்கான தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள்; அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். சாஷேயும் பாக்கெட்டும் நம் வீட்டுக்குள் நுழைந்ததற்கு, வேலைக்கும் போய் வீட்டையும் சுமந்த பெண்களுக்கு அவை மிச்சப்படுத்திக் கொடுத்த நேரமும் ஒரு காரணம். அந்த நேரத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு, வேலையை மட்டும் அவர்கள் தலையிலேயே வைத்தால் அது மாற்றமல்ல, அநீதி.

எங்கள் முதல் முயற்சி சரிந்ததற்கு இதுவும் காரணம். முடிவுகளை எடுத்தவன் நான். உழைப்பு மனைவியுடையதாக இருந்தது. இப்போது ஊறப்போடுவது என் வேலை, இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிய கையோடு. உரத் தொட்டியைக் கிளறுவது மகனின் வேலை. ஒரு மாற்றத்தைத் தொடங்கும் முன்பே அதை யார் செய்வது என்று பெயர் சொல்லிவிட வேண்டும்.

கொசுவும் மின்விசிறியும்

மூன்றாவதாகக் கொசுவத்திச்சுருளை நிறுத்தினோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்றது. மூடிய அறையில் அதை ஏற்றிவைத்துத்தான் குழந்தைகளைத் தூங்கவைத்தோம். ஜன்னலுக்கு வலை அடித்தோம், தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டினோம், கட்டிலுக்குக் கொசுவலை கட்டினோம்.

நான்காவது, பழைய மின்விசிறி பழுதானபோது செய்தது. சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும்; பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட) மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் ஒரு விசிறிக்கே சுமார் 40 யூனிட் குறையும். நன்றாக ஓடுவதைக் கழற்ற வேண்டியதில்லை. பழுதாகும்போது மாற்றினால் போதும்.

வீட்டின் எல்லை

இத்தனைக்குப் பிறகும் சிக்கலின் ஒரு பகுதி வீட்டுவாசலுக்கு வெளியே இருக்கிறது. ஈரம், உலர், அபாயகரம் எனக் குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது குடிமக்களின் கடமை என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்வது உள்ளாட்சியின் கடமை. எங்கள் தெருவில் பல நாள், பிரித்துக் கொடுத்த இரண்டு பக்கெட்டும் ஒரே வண்டிக்குள் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த வீடுகள் மறுநாளே பிரிப்பதை நிறுத்தின. ஒரு குடும்பம் 66 நாளில் கட்டியெழுப்பும் பழக்கத்தை, ஒரு வண்டி ஒரே காலையில் குலைத்துவிடுகிறது.

அரசால் முடியாததில்லை. 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களைத் தடைசெய்த மாநிலம் தமிழ்நாடு. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. இவற்றைவிட முக்கியமான பாடம் நீலகிரியில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் 2022இல் அங்கே டாஸ்மாக் மதுப் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டிலும் சாலையோரத்திலும் வீசப்பட்ட பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. மனிதர்களின் குணம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. திருப்பிக் கொடுக்க ஓர் இடமும் ஒரு காரணமும் கிடைத்தன. மதுப் பாட்டிலுக்குச் செய்ய முடிந்ததை எண்ணெய், ஷாம்பு, குளிர்பானம், பால் ஆகியவற்றுக்கு ஏன் செய்யக் கூடாது?

சென்ற மாதம் மறுபடியும் செய்தித்தாளை விரித்து எண்ணினோம். தின்பண்ட பாக்கெட்டுகள் 23 இருந்த இடத்தில் 6. ஓட்டல் டப்பாக்கள் 2. தூக்குவாளி எடுத்துப் போகும் பழக்கம் திரும்பியிருக்கிறது. சாஷேக்கள் 4. மகள் எண்ணி முடித்து, காகிதத்தில் எழுதினாள். பால் கவர் மட்டும் 14, அப்படியே. “இதை எப்படிப்பா குறைக்கிறது?” என்று கேட்டாள். பால் குடிப்பதை நிறுத்த முடியாது. கவர் இல்லாத பாலும் எங்கள் தெருவில் கிடையாது. மற்ற எண்களைக் குறைத்தது எங்கள் வேலை, செய்துவிட்டோம். இந்த 14, அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை. தன் பங்கைச் செய்து முடித்த வீடுதான் அதை உரத்துக் கேட்க முடியும்.