சாவி மட்டும் கேட்காதீங்க சாமி!

மக்களே, இதைப் படிச்சிட்டு பாதிப் பேரு என்னைக் கஞ்சன்னு சொல்லப் போறீங்க. தாராளமா சொல்லிக்கோங்க. சொந்தக்காரங்க மத்தியில ரொம்ப வருசமா எனக்கு அந்தப் பேருதான். புதுசா ஒண்ணும் கெட்டுடாது.

மேட்டர் இதுதான். என்கிட்ட ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கு. 1995 மாடல். அடுத்த வருசமே, 1996ல, கம்பெனிக்காரன் தயாரிப்பையே நிறுத்திட்டான். 98 சிசி, டூ ஸ்ட்ரோக், அந்தச் சத்தம்... (கேட்டவங்களுக்குத் தெரியும், கேட்காதவங்களுக்குச் சொல்லிப் புரியாது). ஃபெராரி வச்சிருக்கறவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. எவனும் வந்து "கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன், சாவி குடு"ன்னு கேட்க மாட்டான். கள்ளக்குறிச்சியில என் ஃபெராரி இதுதான். ஆனா கேட்கறவன் கண்ணுக்கு இது வெறும் டூ வீலர். அஞ்சு நிமிசத்துல வந்துடுவானாம். எந்தக் கடிகாரத்துல அஞ்சு நிமிசம்னு மட்டும் கேட்டுடக் கூடாது.

"வண்டி என்னடா, குடுத்தா கொறைஞ்சா போயிடும்?" இந்த டயலாக்தான் எனக்கு ஆகவே ஆகாது. கொறையும் சாமி. எப்படிக் கொறையும்னு 2011ல பார்த்துட்டேன்.

மாமா பையன் காலேஜ் லீவுல வந்திருந்தான். கல்வராயன் மலையில மேகம் அருவிக்குப் போகணும், வண்டி வேணும்னான். லைசென்ஸ் இருக்காடான்னேன். இருக்குன்னான். காட்டுடான்னு கேட்க வாய் வரலை. மாமா பையன்கிட்ட லைசென்ஸ் கேட்டா மாமா என்ன நினைப்பாரு? இந்த "என்ன நினைப்பாரு"தான் நம்மள்ல பாதிப் பேரைக் கவுக்குது.

போகும்போது ஒண்ணும் ஆகலை. வெள்ளிமலையிலேர்ந்து கச்சிராயபாளையம் பக்கமா இறங்கும்போதுதான் வினை. பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு ஆக்சிலேட்டரைச் சுத்தமா மூடிட்டு, கியர்லயே இறக்கத்துல விட்டிருக்கான். நாலு ஸ்ட்ரோக் வண்டியில அது நல்ல பழக்கம். ஆர்எக்ஸ்ல இஞ்சினுக்கு 2டி ஆயில் ஏத்துற பம்ப், ஆக்சிலேட்டரோட சேர்ந்து வேலை செய்யும். மூடிட்டா ஆயில் பேருக்குத்தான் வரும். இஞ்சினோ இறக்கத்துல வேகமாச் சுத்திக்கிட்டு இருக்கும். அதனாலதான் இந்த வண்டி ஓட்டறவன் இறக்கத்துல அப்பப்ப ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுவான். இதெல்லாம் கூடவே இருந்து கத்துக்கறது. சாவியோட சேர்த்துக் குடுக்க முடியாது. அதுக்கு மேல ஆயில் டேங்கும் அடிமட்டத்துல இருந்திருக்கு. அதை அவன் பார்க்கவே இல்லை.

வளைவுல இஞ்சின் ஜாம். பின் சக்கரம் லாக். பையனுக்கு முழங்கை உடைஞ்சு போச்சு. நல்லவேளை, எதிர்ல பஸ் வரலை.

வண்டிக்கு போர் போட்டு, பிஸ்டன் மாத்தினேன். ஆஸ்பத்திரி செலவுல பாதி நான் குடுத்தேன். லைசென்ஸ் இல்லவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இதுல உச்சம் என்னன்னா, மாமா வந்து கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி: "சின்னப் பையன் கேட்டா, நீ ஏன்டா குடுத்த?"

குடுக்கலைன்னா கஞ்சன். குடுத்தா பொறுப்பில்லாதவன். இந்த ஆட்டத்துல நான் எப்பங்க ஜெயிக்கறது?

அன்னைக்கு உட்கார்ந்து சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குச்சு. லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட வண்டியக் குடுக்கறது, மோட்டார் வாகனச் சட்டத்துல ஓனர் செய்யற குத்தம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமோ. ஓட்டினவன் 18 வயசுக்குக் கீழன்னா கதையே வேற. அவங்க அப்பாவோ வண்டி ஓனரோ, 3 வருசம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாசத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. பத்தாவது படிக்கற பையனுக்கு ஆசையா சாவி குடுக்கற மாமாக்கள், சித்தப்பாக்கள் இதை ரெண்டு தடவை படிங்க.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல?"ன்னு கேட்பீங்க. இருக்கு. லைசென்ஸ் இல்லாதவன்னு தெரிஞ்சே குடுத்திருந்தா, அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கட்டிட்டு அதை ஓனர்கிட்டேர்ந்து வசூல் பண்ணிக்கலாம்னு 2004லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. சரி, இரவல் வாங்கினவரே செத்துப் போனா? கர்நாடகாவுல ஒருத்தர் இரவல் பைக்ல போய் மாட்டு வண்டியில மோதி இறந்து போனாரு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. இரவல் வாங்கினவர் ஓனரோட இடத்துல நிக்கறவர், அதனால தப்பு யாருதுன்னு நிரூபிக்காம நஷ்டஈடு கேட்கற பிரிவுல அவர் குடும்பம் கேட்க முடியாதுன்னு 2009ல தீர்ப்பு. நண்பனுக்கு நல்லது செய்யறேன்னு சாவியக் குடுக்கறோம். அவன் பொண்டாட்டி புள்ளைங்க கோர்ட்டு கோர்ட்டா அலையறாங்க. இதுவா நட்பு?

நம்ம ஊருக்குன்னே இன்னொரு தலைவலி இருக்கு, சாராயம். மலையில இருக்கற சனங்க மரவள்ளியும் சாமையும் போட்டுப் பொழைக்கறவங்க, அவங்களைச் சொல்லலை. ஆனா காய்ச்சறவனும் கடத்தறவனும் இருக்கத்தான் செய்யறான். 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல பலி வாங்கினதை நாம மறக்க முடியுமா? இரவல் போன வண்டியில எவனாவது ரெண்டு கேன் ஏத்திட்டு வந்து மாட்டினா, மதுவிலக்குச் சட்டத்துல வண்டியப் பறிமுதல் பண்ணலாம். எனக்குத் தெரியாம நடந்தது, நான் ஜாக்கிரதையாத்தான் இருந்தேன்னு நிரூபிக்க வேண்டியது ஓனரோட வேலை. சிரிச்சுக்கிட்டே சாவியத் தூக்கிப் போட்டதை ஜாக்கிரதைன்னு எந்த அதிகாரிங்க ஒத்துக்குவாரு?

ஆகக்கூடி, நீங்க குடுக்கறது வண்டிய மட்டும் இல்லை. ஆர்சி புக்ல இருக்கற உங்க பேரையும் சேர்த்துத்தான் குடுக்கறீங்க.

"அப்ப ஆபத்து அவசரத்துக்குக் கூட உதவ மாட்டியா?" இது நியாயமான கேள்வி. மலைக் கிராமத்துல ராத்திரியில பைக்தான் ஆம்புலன்ஸ். ஒரு தடவை வெள்ளிமலைக்கு அந்தாண்ட நண்பன் வீட்டுல தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையனைப் பாம்பு கடிச்சிடுச்சு. அவன் சித்தப்பா ஓடி வந்து சாவி கேட்டாரு. கை காலெல்லாம் நடுங்குது அவருக்கு. நான் சாவி குடுக்கலை. "பையனைத் தூக்கிட்டு வந்து பின்னாடி உட்காருங்கண்ணே"ன்னேன். ட்ரிபிள்ஸ் போனது தப்புதான், ஒத்துக்கறேன். இருட்டுல, அந்த வளைவுல, பதறிப் போய் இருந்த மனுசன் பழக்கமில்லாத வண்டிய ஓட்டியிருந்தா மூணு பேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போமோ என்னவோ. பையன் பொழைச்சிட்டான். இப்பவும் அந்தப் பக்கம் போனா கேழ்வரகுக் களி போடாம அனுப்ப மாட்டாங்க.

அன்னைக்கு எனக்கே காய்ச்சலா இருந்திருந்தா? அப்ப லைசென்ஸ் இருக்கற ஆளாப் பார்த்து சாவியக் குடுத்திருப்பேன். உயிருக்கு முன்னாடி ஆர்எக்ஸாவது மண்ணாவது. ஆனா நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, இதுவரைக்கும் உங்ககிட்ட சாவி கேட்டவங்கள்ல எத்தனை பேரு உயிர் போற அவசரத்துல கேட்டாங்க? எத்தனை பேரு பொண்ணுங்க முன்னாடி ஒரு ரவுண்டு அடிக்கக் கேட்டாங்க?

என் வழி இதுதான். எங்க போகணுமோ சொல்லுங்க, எந்த நேரமானாலும் நான் கொண்டு போய் விடறேன். ஓட்டக் கத்துக்கணுமா, எல்எல்ஆர் எடுத்துட்டு வாங்க, பின்னாடி உட்கார்ந்து ஆக்சிலேட்டர் முறுக்கறது வரைக்கும் சொல்லித் தர்றேன். என் நேரத்தைக் கேளுங்க, பெட்ரோலைக் கேளுங்க. சாவி மட்டும் கேட்காதீங்க.

மாமா பையன் இப்ப பெங்களூருல வேலையில இருக்கான். போன வருசம் பழைய புல்லட் ஒண்ணு வாங்கியிருக்கான். பொங்கலுக்கு வந்தப்ப, "மாப்ள, ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டா?"ன்னு கேட்டேன்.

"பின்னாடி உட்காரு மாமா, நானே கூட்டிட்டுப் போறேன்"னான்.

ஏறி உட்கார்ந்துட்டேன் :)

டிஸ்கி: சாவி குடுத்துக் கெட்டவங்க, குடுக்காமக் கெட்டவங்க ரெண்டு கட்சியும் பின்னூட்டத்துல வந்து கும்மலாம். மாமா மட்டும் இதைப் படிக்காம இருந்தா சரி.