கரமனை அக்கிரகாரமும் சாமுராயின் சோற்றுக் கிண்ணமும்

கரமனை அக்கிரகாரத்தைப் பற்றி எழுதப்படும் நினைவுக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. விடியலில் ஆற்றுக் குளியல், வாசலில் கோலம், வேத ஒலி, மாலையில் கச்சேரி, ஆறாண்டுக்கு ஒருமுறை பத்மநாபசுவாமி கோயிலில் 56 நாள் முறைஜபம், அரசாங்கச் செலவில் பிராமணர்க்கு உணவிட்ட ஊட்டுப்புரைகள், இறுதியில் ஒரு பெருமூச்சு. இக்கட்டுரைகளில் சோறு வெந்துகொண்டே இருக்கிறது. நெல்லோ எங்கும் விளைவதில்லை. நினைவெழுத்தாளர் இப்படி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதையே ‘அன்றாட வாழ்க்கை வரலாறு’ என்று ஆய்வுலகமும் ஏற்பதைத்தான் பொறுக்க இயலவில்லை.

அந்நெல்லை நட்டவர் யார்? 1836ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் மக்கள்தொகைக் கணக்கு, மொத்தம் 12,80,668 பேரில் 1,64,864 பேரை அடிமைகள் என்று குறிக்கிறது. ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பட்ட புலையரும் பறையருமே இவர்களில் பெரும்பகுதியினர். 1855இல்தான் அடிமைமுறை அரசாணையால் முற்றிலும் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் பொதுவழி இவர்களுக்கு வழியாகவில்லை. வயலில் அன்று விடிந்ததும் இருட்டியதும் அன்றாடம்தானே? அதற்கு மட்டும் ஏன் மானுடவியல் துறையில் தனி அலமாரி?

இதற்கு இரு மறுப்புகள் வழக்கமாக எழும். அக்கிரகாரத்திலும் வறுமை இருந்தது என்பது முதலாவது. உண்மை, தலை மழிக்கப்பட்டு அடுப்படியில் முடிந்துபோன விதவைகளின் நாட்களை எண்ணினால் அங்கே கொடுமையும் இருந்தது. ஆனால் ஏழை பிராமணனுக்கு ஊட்டுப்புரையில் இலை விரிந்தது. நெல்லை விளைத்தவன் அதன் பக்கம் வரவே தடை இருந்தது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வறுமை என்று அழைப்பது கணக்குப் பிழை.

இரண்டாம் மறுப்பு படித்தவர்களுடையது. திருவிதாங்கூரை நிலப்பிரபுத்துவம் எனலாமா? மார்த்தாண்ட வர்மா பிள்ளைமாரையும் மாடம்பிமாரையும் ஒடுக்கி, 1750இல் நாட்டையே பத்மநாபனுக்குத் திருப்படித்தானம் செய்து மையப்படுத்தினாரே! ஆர். எஸ். சர்மா 1965இல் வெளியிட்ட ‘இந்திய நிலப்பிரபுத்துவம்’ நூலும், 1981இல் ஹர்பன்ஸ் முகியா எழுப்பிய வினாவும் தேவையான விவாதங்களே. எனினும் ஐரோப்பிய அளவுகோலில் ஓரங்குலம் குறைகிறதா என்று அளந்துகொண்டிருக்கும்போதே, வயலில் நின்றவர் கட்டுரையிலிருந்து மறைந்துவிடுகிறார். பெயர் எதுவாயினும் உழைப்பு கட்டாயமாகத்தான் பறிக்கப்பட்டது.

ஐரோப்பாவுக்கு வெளியே நிலப்பிரபுத்துவத்திற்குப் பாடநூல்கள் தவறாமல் காட்டும் சான்று ஜப்பான். அங்கும் இதே நோய். தோகுகாவா ஆட்சியில் (1603–1868) பிரபுவின் பெருமை ‘கோக்கு’ என்ற நெல்லரிசி அளவால் மதிக்கப்பட்டது. ஒரு கோக்கு ஏறத்தாழ 180 லிட்டர். ஒருவரின் ஓராண்டு உணவு. ககா பிரபுவின் மதிப்பு பத்து லட்சம் கோக்குக்கும் மேல். அந்த அரிசியை விளைத்தவர்களில் பலர் உண்டதோ தினையும் வாற்கோதுமையும். குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்கள்’ (1954) இதை மறைக்கவில்லை: காவலுக்கு வந்த சாமுராய்களுக்கு அரிசிச் சோறு, உழவர்களுக்குத் தினை. திரைப்பட விழாவில் அதைப் பார்த்துத் திரும்பும் நம் மாணவர்கள் வாளைப் பற்றி எழுதுகிறார்கள். கிண்ணத்தைப் பற்றி எழுதுவதில்லை. அவர்கள் மேற்கோள் காட்டும் நிதோபேயின் ‘புஷிதோ’வும் 1900இல், வாள் அணிவது தடைசெய்யப்பட்டுக் கால்நூற்றாண்டு ஆகும் வேளையில், சாமுராய்க் குடியில் பிறந்தவரால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதுவும் ஒரு பெருமூச்சே.

ஒப்பீடு வேண்டுமெனில் ஆணைகளை ஒப்பிடலாம். 1871இல் மெய்ஜி அரசு ‘எதா’, ‘ஹினின்’ என்ற இழிபெயர்களை ஒழித்தது. இரண்டாண்டில் மிமசாக்காவில் கிளர்ந்த உழவர்கள், விடுவிக்கப்பட்டோரின் குடியிருப்புகளை எரித்தார்கள், கொலைகளும் நிகழ்ந்தன. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணிந்ததற்காக 1859இல் வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. அவ்வாண்டு ஜூலையில் வந்த ஆணை மார்பை மறைக்க அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு! பரஸ்பர விசுவாசம், தர்மராஜ்யம் என்று இரு நாடுகளைப் பற்றியும் பாடுவோர் இத்தீயை எந்த அத்தியாயத்தில் வைப்பார்கள்?

கரமனைக்குத் தெற்கே, அதிகத் தொலைவில் இல்லாத வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் தடையை மீறிப் பொதுவழியில் வில்வண்டி ஓட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தலைமையில் புலையர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். முதன்மைக் கோரிக்கை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நடவின்றி வயல்களில் களை மண்டியது. உண்டவரின் அன்றாடமும் விளைத்தவரின் அன்றாடமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

மதிலகத்து ஓலைச்சுருணைகள் திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன. தமிழும் வட்டெழுத்தும் மலையாண்மையும் கலந்த அவற்றைப் படிக்கத் தமிழ் மாணவருக்குப் பாதி வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஊட்டுப்புரை பற்றி அடுத்த ஆய்வேடு எழுதப் போகிறவர் பந்தியை விட்டெழுந்து, நெல் வந்த வழியே பின்னோக்கி நடக்கட்டும்.