வட்டு உங்களுடையது, வரலாறு எல்லோருடையது

வட்டில் இடம் தீர்ந்ததும் பல புரோகிராமர்கள் பெருத்துப்போன கிட் ரெப்போவில் பெரிய கோப்புகளை அழித்து ஒரு கமிட் போடுவார்கள். அதனால் வரலாற்றின் அளவு ஒரு எம்பிகூடக் குறையாது; அழித்தது பழைய கமிட்டில் பத்திரமாக இருக்கும். அடுத்து, குப்பை நீக்கும் 'கிட் ஜிசி' கட்டளையை ஓட்டுவார்கள். சிக்கல் அங்கேதான். வரலாற்றைச் சுருக்கி வைத்திருக்கும் பழைய பேக் கோப்பை ஜிசி இருந்த இடத்திலேயே சுருக்குவதில்லை; புதியதை முழுக்க எழுதி முடித்த பிறகே பழையதை நீக்கும். 40 ஜிபி பேக் என்றால் ஏறத்தாழ அதே அளவு காலியிடம் கேட்கும். நடுவில் இடம் தீர்ந்தால், பாதி எழுதிய தற்காலிகக் கோப்பு தங்கி மிச்ச இடத்தையும் தின்றுவிடுவதுண்டு. எந்தக் கிளையும் சுட்டாத பதிவுகளையும் அது உடனே எறியாது, இயல்பாக இரண்டு வாரம் வைத்திருக்கும். 2023-க்கு முந்தைய பதிப்புகள் அவற்றைப் பேக்கிலிருந்து பிரித்துத் தனித்தனிக் கோப்புகளாகக் கொட்டும் என்பதால், சுத்தம் செய்தபின் ரெப்போ முன்னைவிடப் பெருத்திருப்பதும் நடக்கும். ஒட்டடை அடிக்கப் போய் வீடு முழுக்கத் தூசியான கதை!

அடுத்து வரும் யோசனை, வரலாற்றையே வெட்டுவது. இது தவறு என்பேன். இடம் போதாதது உங்கள் வட்டுக்கு. வரலாறு குழுவுக்கே பொது. குறைவாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. பார்ஷியல் குளோன் எடுத்தால் பழைய கோப்புகளின் உள்ளடக்கம் கேட்கும்போது மட்டும் வரும். 35 லட்சம் கோப்புகள், சுமார் 300 ஜிபி கொண்ட விண்டோஸ் ரெப்போவை 2017-இல் கிட்டுக்குக் கொண்டுவந்த மைக்ரோசாஃப்ட், தேவையானது மட்டும் இறங்கும்படி ஜிவிஎஃப்எஸ் என்ற மென்பொருளை எழுதியதும் இதே தேவைக்காகத்தான்.

முழு வரலாறும் கையில் இருப்பதுதானே கிட்டின் பலம் என்பார்கள். உண்மைதான், பார்ஷியல் குளோனில் இணையம் இல்லாமல் பழையதைத் தோண்ட முடியாது. அது தேவைப்படுகிறவர் முழுப் பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கட்டும். யாரோ தவறுதலாக ஏற்றிய வீடியோ எல்லோரையும் அழுத்துகிறது என்றால் வெட்டத்தான் வேண்டும். அதைக் குழுவின் சம்மதத்தோடு, இடமுள்ள கணினியில், ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியைக் கொண்டு செய்ய வேண்டும். அந்த இடத்திலிருந்து எல்லாக் கமிட்டின் அடையாளமும் மாறும். எல்லோரும் மறுபடி குளோன் எடுக்க வேண்டும். ஒருவர் பழைய பிரதியிலிருந்து புஷ் செய்தாலும் வீடியோ திரும்பி வந்துவிடலாம். வெட்டக் காரணம் வீடியோ அல்ல, கசிந்த பாஸ்வேர்டு என்றால் வெட்டுவதற்கு முன் அதை மாற்றுங்கள். பழைய ரெப்போவை நீக்குமுன், புஷ் ஆகாத பிராஞ்சும் ஸ்டாஷும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.