தாமாரின் வாயை மூடிய வீடு



இரண்டாம் சாமுவேல் 13ஆம் அதிகாரத்தை நாம் ஆலயத்தில் அரிதாகவே வாசிக்கிறோம். வியாதிக்காரனைப்போல் நடித்த அம்னோனின் வீட்டிற்குத் தாமாரை அனுப்பியவர் அவள் தகப்பனாகிய தாவீதே. அண்ணன்தானே என்று நம்பிப் போனாள். கெடுக்கப்பட்டு அழுதுகொண்டு வந்தவளைப் பேசாதிருக்கச் சொன்னவன் அவளுடைய கூடப்பிறந்த அப்சலோம். செய்தியைக் கேட்ட தாவீது கடுங்கோபம் கொண்டார். ஆனால் நியாயம் விசாரித்ததாக வேதம் சொல்லவில்லை.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. என்ற பெயரில் போலி முகாம் நடத்தியவர் மாணவியரைப் பாலியல் கொடுமைக்கு உட்படுத்தியதாகக் கைதானார். அறிந்தும் மறைத்ததாகப் பள்ளி முதல்வரும் நிர்வாகத்தினரும் கைதானார்கள். பிள்ளைகளைத் தொடாதவர்களை ஏன் பிடித்தார்கள் என்று நம்மில் சிலருக்குத் தோன்றலாம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டம் அதற்குப் பதில் சொல்கிறது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இழைக்கப்பட்ட பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தன் கீழுள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உறவினர், கல்வி நிறுவனத்திலோ மத நிறுவனத்திலோ பணிபுரிகிறவர், பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் ஆகியோர் செய்யும் குற்றத்திற்குத் தண்டனை இன்னும் கடுமையானது. போதகனாகிய நானும், நம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் அதற்குள் அடங்குவோம்.

சகோதரர்கள் வழக்காடக் கூடாதென்று பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா என்று கேட்பீர்கள். அது விசுவாசிகளுக்குள் எழும் கொடுக்கல் வாங்கல் போன்ற வழக்குகளைப் பற்றியது. தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தேவனுடைய ஊழியம் என்று ரோமருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். குருவிநத்தத்தில் நாம் ஒருவருக்கொருவர் உறவினர். வரப்புத் தகராறைப் பெரியவர்கள் முன் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். பிள்ளையின் கண்ணீரைப் பேசித் தீர்க்க நமக்கு அதிகாரமில்லை.

பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சவேண்டாம். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. காவலர் சீருடையின்றி, பிள்ளையின் வீட்டிலேயே வாக்குமூலம் பெறலாம். இயன்றவரை பெண் அதிகாரியே பெறவேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் அதற்காக வழக்குத் தொடர முடியாது. 1098 என்ற எண்ணிற்கு இலவசமாக அழைத்து உதவி கேட்கலாம்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளை ஏதேனும் சொன்னால் முதலில் நம்புங்கள். என்னிடம் வாருங்கள், உங்களோடு காவல் நிலையத்திற்கு நானும் வருவேன். ஆனால் சபையின் பெயருக்காக அமைதியாயிருங்கள் என்று நானே சொன்னாலும் எனக்குக் கீழ்ப்படியாதிருங்கள்.

சிறியவர்களைத் தம்மண்டை அழைத்த ஆண்டவரே, எங்கள் வீடு தாமாரின் வாயை மூடிய வீடாகாதபடி காத்தருளும். ஆமென்.