முதல்ல அண்ணனுக்கு டெஸ்ட் எடுங்க

மக்கா, ஒரு கேள்வி. லேப்ல சர்க்யூட் போட்டாச்சு, அவுட்புட் வரல. முதல்ல என்ன பார்ப்போம்? சப்ளை வருதான்னு மல்டிமீட்டர் வச்சுப் பார்ப்போம். அரை நிமிஷ வேலை. அதை விட்டுட்டு போர்டையே கழற்றினா லேப் அசிஸ்டன்ட் சும்மா விடுவாரா?

எங்க குடும்பம் அஞ்சு வருஷம் போர்டைக் கழற்றிட்டு இருந்துச்சு.

பேட்டையில எங்க பெரியப்பா வீடு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆன மூணாவது மாசத்துல இருந்தே தெருவுல எல்லாரும் மதினிகிட்ட "விசேஷம் எதுவும் உண்டா?"ன்னு கேட்க ஆரம்பிச்சாச்சு. அண்ணன்கிட்ட ஒருத்தரும் கேட்கல. மதினிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைச்சிருக்கான்னு பார்க்க சாயம் செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. அது எப்படி வலிக்கும்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து, வயித்துல துளை போட்டு லேப்ராஸ்கோப்பி. எல்லாம் நார்மல். நடுவுல வெள்ளிக்கிழமை விரதம், பாபநாசத்துல ஆத்துல குளிச்சு வேண்டுதல். "ஆம்பளைக்கு என்னடே கொறை இருக்கப்போவுது"ன்னு பெரியம்மா முடிச்சுட்டாங்க.

அஞ்சாவது வருஷம்தான் அண்ணனுக்கு விந்துப் பரிசோதனை. எண்ணிக்கை ரொம்பக் குறைவு. காரணம் வேரிகோசீல், அதாவது விதைப்பையில ரத்தக்குழாய் புடைச்சிருக்கிறது. (இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதால இந்த வார்த்தைகளைத் தமிழ்ல எழுதவே கூச்சமா இருந்துச்சு. அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.)

குழந்தை இல்லாத தம்பதிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கிற முதல் டெஸ்ட்டுக்கு ஊசி கிடையாது, கத்தி கிடையாது. ரெண்டுல இருந்து ஏழு நாள் உறவு இல்லாம இருந்துட்டு, ஒரு டப்பாவுல சாம்பிள் கொடுக்கணும். அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன குறைந்தபட்ச அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு. ஒரு தடவை குறைஞ்சா அதுவே தீர்ப்பு இல்ல, திரும்ப எடுத்துப் பார்ப்பாங்க.

வேரிகோசீலுக்கு ஆபரேஷன் இருக்கு. எல்லாருக்கும் பலன் தராது, பலருக்குத் தரும். விந்தணு வர்ற பாதை அடைச்சிருந்தா விதையில இருந்தே ஊசியால எடுத்து, ஒரே ஒரு அணுவை முட்டைக்குள்ள செலுத்துற இக்ஸி முறை இருக்கு. 1992-ல பிரஸ்ஸல்ஸ்ல இருந்து வந்தது. ஆனா இதுல ஒண்ணு கவனிங்க. பிரச்சினை ஆணுக்கா இருந்தாலும், பத்து நாள் போல தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கிறது பெண். மயக்கத்துல முட்டை எடுக்கிறதும் அவங்க உடம்புல இருந்துதான். அதனாலதான் அவன் பக்கம் சரிபண்ணக் கூடியதை முதல்லயே பார்க்கணும்னு சொல்றேன். 35-க்கு மேல முட்டை வேகமா குறையும். மதினிக்கு இப்ப 32. அந்த அஞ்சு வருஷத்தை யார் திருப்பித் தர்றது?

தொழில்நுட்பம் இல்லாம இல்ல. இங்கிலாந்துல முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்து மூணு மாசத்துக்குள்ள, 1978 அக்டோபர் 3-ல, கொல்கத்தாவுல டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில துர்கா பிறந்தா. அரசு போட்ட குழு அவரை நம்பல. 1981-ல தற்கொலை பண்ணிக்கிட்டார். அங்கீகாரம் வர பல வருஷம் ஆச்சு. 1990-ல சென்னையிலயே டாக்டர் கமலா செல்வராஜ் செஞ்சு காட்டிட்டாங்க. இவ்வளவுக்கும் அப்புறம், ஒரு டப்பாவை வாங்க எங்க அண்ணனுக்கு அஞ்சு வருஷம் ஆகியிருக்கு.

நமக்கு என்ன, இன்னும் கேம்பஸ் இன்டர்வியூவே முடியலன்னு நினைக்காதீங்க. ஹாஸ்டல்ல ஜிம் பாடிக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுற ஆளுங்களை நானே பார்த்திருக்கேன். வெளியில இருந்து அந்த ஹார்மோன் போனா, உடம்பு தன்னோட விந்தணு உற்பத்தியைக் குறைச்சுக்கும், சில பேருக்கு நிறுத்தியே விடும். ஊசியை விட்டாலும் பழைய நிலைக்கு வர மாசக்கணக்காகும்.

அண்ணனுக்கு ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆகுது. இன்னும் விசேஷம் எதுவும் இல்ல. போன வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி வாசல்ல நின்னு மதினிகிட்ட அதே கேள்வியைக் கேட்டாங்க. அண்ணன் உள்ள இருந்து எந்திரிச்சு வந்து, "ஆச்சி, அதை என்கிட்ட கேளுங்க"ன்னான்.